முதல் 30 நிமிடச் சந்திப்பு சொதப்புகிறதா? ஏஐ ஆலோசகருக்கான பிழை நீக்கும் வழிமுறை

கிளையன்டுடன் முதல் சந்திப்பு பெரும்பாலும் 30 நிமிடம்தான். அறிமுகம், மைக் சரிசெய்வது என்று அதில் 5 நிமிடம் போய்விடும். மீதி நேரத்தில் ஏதோ இடறுகிறது, ஆனால் எது என்று பிடிபடவில்லை என்றால் இந்த வழிமுறை உதவும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் சந்திப்பில் நடந்ததற்கு நெருக்கமான அறிகுறியைத் தேடிப் போங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. சந்திப்பு முடிந்த கையோடு ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதிப் பாருங்கள்: எந்த வேலை, இப்போது அதை யார் செய்கிறார், நாளுக்கோ மாதத்துக்கோ எத்தனை தடவை, தப்பாகப் போனால் யாருக்கு என்ன ஆகும். நான்கும் எழுத வந்தால் சந்திப்பு நன்றாகவே நடந்திருக்கிறது, கிளையன்ட் உற்சாகம் காட்டாவிட்டாலும் சரி. எழுத வரவில்லை என்றால், அவர் எவ்வளவு பாராட்டியிருந்தாலும் கோளாறு இருக்கிறது. நான் பார்த்தவரை பெரும்பாலான கோளாறுகள் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. ஏஐ பற்றிப் பேசப்போகிறோம் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். பேச வேண்டியது கிளையன்டின் வேலையைப் பற்றி.

அறிகுறி: 10 நிமிடம் ஆகிவிட்டது, என்ன வேலை என்றே தெரியவில்லை

"எங்களுக்கும் ஏஐ வேணும்." "எல்லாரும் செய்யறாங்க, நாங்க மட்டும் பின்தங்கக் கூடாது." இப்படி ஆரம்பிக்கிற சந்திப்புகள்தான் அதிகம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, நிர்வாகத்தின் மேல்மட்டத்திலிருந்து "ஏதாவது செய்யுங்கள்" என்ற உத்தரவு கீழே இறங்குவது வழக்கமாகிவிட்டது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அந்த உத்தரவைச் சுமந்து வந்தவராக இருக்கலாம். அவரிடம் பிரச்சினை இல்லை, கெடு மட்டும் இருக்கிறது.

இந்த இடத்தில் "உங்கள் முக்கியமான சவால்கள் என்ன?" என்று கேட்காதீர்கள். அதற்கு வரும் பதிலும் அதே உயரத்தில்தான் மிதக்கும்: செயல்திறன், வளர்ச்சி, வாடிக்கையாளர் அனுபவம். அதற்குப் பதில் நேற்றைய நாளைக் கேளுங்கள். "நேற்று உங்கள் குழுவில் யாருக்கு ரொம்ப நேரம் இழுத்த வேலை எது? அதை அவர் எப்படிச் செய்தார்? அப்போது திரையில் என்ன திறந்திருந்தது?" நேற்று நடந்ததை யாராலும் பொதுப்படையாகச் சொல்ல முடியாது. "மெயிலில் வரும் ஆர்டரைப் பார்த்து, எக்செல்லில் ஏற்றி, ஸ்டாக் இருக்கிறதா என்று இன்னொரு மென்பொருளில் தேடி…" என்று ஆரம்பித்தால், உங்களுக்கு வேண்டியது கிடைக்கத் தொடங்கிவிட்டது.

அங்கேயே எண்ணிக்கையையும் வாங்கிவிடுங்கள். நாளுக்கு 200 ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம் என்றால் 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். இதைப் பேசும்போதே சத்தமாகப் போட்டுக் காட்டுங்கள். கிளையன்டே இதுவரை அப்படிக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார். சில சமயம் கணக்கு எதிர்ப்பக்கமாகவும் போகும்: மாதத்துக்கு 15 தடவை, ஒவ்வொன்றும் 10 நிமிடம். இரண்டரை மணி நேர வேலைக்கு ஒரு திட்டமே போடுவதில் அர்த்தமில்லை என்று இருவருக்கும் புரிந்துவிடும்.

இரண்டு மூன்று வேலைகள் வரிசையில் நின்றால், முதலில் எடுக்க வேண்டியது அடிக்கடி நடப்பதும், விடை சரியா தப்பா என்று ஒருவர் சில நொடிகளில் சொல்லக்கூடியதுமான வேலை. பளபளப்பானதை எடுக்காதீர்கள். கிளையன்டின் கை அதை நோக்கித்தான் நீளும்.

அறிகுறி: நீங்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்

காரணம் எளிது. அவர்கள் ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேட்டார்கள், உங்களுக்கு விடை தெரிந்துவிட்டது. "ஏஜென்ட் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு ஒரு முழு வகுப்பே எடுக்கலாம், ஆனால் அதற்கு இது இடமில்லை. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "இதை எங்கே கேள்விப்பட்டீர்கள், எந்த வேலைக்காக யோசித்தீர்கள்?" என்று திருப்பிவிடுங்கள். கேட்டவர் மனதில் ஒரு வேலை இருக்கும். இல்லையென்றால் ஒரு செய்தித் தலைப்பு இருக்கும். எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது.

அறிகுறி: "முதல்ல ஒரு டெமோ காட்டுங்க"

பொது டெமோவை இந்த 30 நிமிடத்துக்குள் காட்ட வேண்டாம் என்பது என் நிலை. சுத்தமான ஆவணத்தில், ஒத்திகை பார்த்த கேள்விக்கு வரும் விடை யாரையும் அசத்தும். அதற்குப் பிறகு அவர்களுடைய மங்கலான ஸ்கேன் பிரதியில் வரும் விடையை அந்த அசத்தலோடுதான் ஒப்பிடுவார்கள். "உங்கள் ஆவணங்களில் பத்தை அனுப்புங்கள், அடுத்த சந்திப்பில் அதிலேயே காட்டுகிறேன். தப்பாக வருவதையும் சேர்த்துக் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். இதை மறுத்தவர்கள் குறைவு. மறுப்பவருக்குத் தேவைப்படுவது நிகழ்ச்சிதான். ஆலோசனை அவருக்கு இப்போது வேண்டியிருக்காது.

அறிகுறி: "எங்க டேட்டாவ வச்சு மாடலைப் பயிற்றுவிக்கணும்"

கேட்பது ஒன்று, வேண்டியது வேறொன்று. நிறுவனத்தின் கொள்கை ஆவணங்கள், கையேடுகள், பழைய ஒப்பந்தங்கள் இவற்றிலிருந்து கேள்விகளுக்கு விடை வர வேண்டும் என்பதுதான் பத்தில் எட்டு பேர் இதற்குள் வைத்திருக்கும் பொருள். அதற்கு மாடலை, அதாவது விடை தரும் ஏஐ மென்பொருளை, பயிற்றுவிக்க வேண்டியதில்லை. கேள்வி வரும்போது பொருத்தமான பத்திகளைத் தேடி எடுத்து, மாடலின் முன்னால் வைத்து, அதிலிருந்து பதில் சொல்லச் சொன்னால் போதும். ஆவணம் மாறினால் விடையும் மாறும். விடை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும் காட்ட முடியும்.

பயிற்றுவிப்பது, அதாவது ஃபைன் டியூனிங், நடையையும் வடிவத்தையும் பழக்கத்தையும் மாற்ற நன்றாக உதவும். ஒரே மாதிரி குறிப்பு எழுத வேண்டும், 40 வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது போன்ற வேலைகளுக்கு அது பொருத்தம். புதிய தகவல்களை நம்பகமாக ஏற்றி வைப்பதற்கு அது நல்ல வழியில்லை. போன மாதம் மாறிய விதியை மாடலுக்குள்ளிருந்து தேடிப் பிடித்து அழிக்கவும் முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. மாடலுக்குள் போனதை எந்த ஊழியர் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று பிரிக்க வழியில்லை. சம்பள விவரம் இருக்கும் கோப்பும் பொதுக் கையேடும் ஒரே பாத்திரத்தில் கரைந்துவிடும்.

ஆனால் இத்தனையையும் சந்திப்பில் கொட்ட வேண்டாம். "மாடல் அதைப் படித்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமா, கேட்கும்போது ஆவணத்தைத் திறந்து பார்த்துச் சொன்னால் போதுமா?" என்று கேளுங்கள். "பார்த்துச் சொன்னா போதும்" என்பதே பதிலாக வரும். அடுத்து கேட்க வேண்டியது இன்னும் முக்கியம்: "ஒரே விதிக்கு இரண்டு பதிப்புகள் அந்த ஃபோல்டரில் இருக்கின்றனவா? எது செல்லும் என்று யாருக்குத் தெரியும்?" இந்தக் கேள்விக்குப் பிறகு அறையில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதே திட்டத்தின் பாதி வேலை என்பது அப்போது தானாக வெளியே வரும். நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

அறிகுறி: "டேட்டா நிறைய இருக்கு" என்கிறார்கள், ஒன்றைக்கூட பார்க்க முடியவில்லை

நிறைய இருக்கலாம். எந்த வடிவத்தில் என்பதுதான் விஷயம். எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க வரும் பிடிஎஃப் வேறு, கைப்பேசியில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கியது வேறு. கையெழுத்து, முத்திரை, அட்டவணைக்குள் அட்டவணை என்று வந்துவிட்டால் வேலையின் கனமே மாறிவிடும். எந்தெந்த மொழியில் இருக்கிறது என்றும் கேட்டுவையுங்கள், செலவுப் பகுதியில் இது திரும்ப வரும்.

வகைப்படுத்தும் வேலை என்றால் இன்னொரு கேள்வி: பழைய பதிவுகளில் சரியான விடையும் பதிந்திருக்கிறதா? ஐந்து வருடப் புகார்கள் இருக்கும், ஆனால் எந்தப் புகார் எந்தத் துறைக்குப் போய் முடிந்தது என்ற குறிப்பு இருக்காது. அப்படியானால் அளந்து பார்க்க வழியில்லை. ஒருவர் உட்கார்ந்து குறித்துத்தான் ஆக வேண்டும்.

மாதிரி கேட்கும்போது ஒழுங்காகக் கேளுங்கள். பத்து போதும், அதில் மூன்று மோசமானவையாக இருக்கட்டும், பெயரும் எண்களும் மறைக்கப்பட்டிருக்கட்டும், ரகசிய ஒப்பந்தம் தேவையென்றால் முதலில் அது. அவர்கள் சந்திப்பிலேயே திரையைப் பகிர்ந்து நிஜ ஆவணத்தைத் திறந்துவிட்டால், அதை உடனே ஒரு இலவசக் கருவியில் ஒட்டிக் காட்ட கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். 2023-இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் உள் நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, அந்த வருடம் மே மாதத்தில் இத்தகைய கருவிகளுக்கு அங்கே தடை போட்டார்கள். கிளையன்டின் ஐடி ஆள் இந்தச் செய்தியைப் படித்திருப்பார். நீங்கள் ஒட்டும் அந்த நொடியில் அவர் உங்களைப் பற்றி முடிவெடுத்துவிடுவார்.

இதோடு சேர்ந்து வருவது: "எங்க டேட்டாவ வச்சு அவங்க மாடலை வளர்த்துக்குவாங்களா?" நிறுவனங்களுக்கான சேவையும் தனிநபர் பயன்படுத்தும் செயலியும் வெவ்வேறு விதிமுறைகளில் இயங்குகின்றன. எந்தக் கணக்கு, எந்த ஒப்பந்தம், டேட்டா எத்தனை நாள் வைக்கப்படும், எந்த நாட்டுச் சர்வரில் என்பதைப் பொறுத்தே பதில். விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால் நினைவிலிருந்து உறுதி கொடுக்காதீர்கள். "நீங்கள் எடுக்கப்போகும் திட்டத்தின் நடப்பு விதியைப் பார்த்து எழுத்தில் அனுப்புகிறேன்" என்பது போதும்.

அறிகுறி: "100 சதவீதம் சரியா வருமா?"

இந்தக் கேள்விக்கு "வராது" என்று சொல்வது உண்மை, ஆனால் அத்தோடு விட்டால் சந்திப்பு படுத்துவிடும். "95 சதவீதம் வரும்" என்பது இன்னும் மோசம், ஏனென்றால் எதையும் அளக்காமல் சொன்ன எண் அது. அந்த எண்ணைத்தான் அவர் குறித்துக்கொள்வார்.

முதலில் இப்போதைய நிலையைக் கேளுங்கள். "இன்று உங்கள் ஆட்கள் செய்யும்போது எத்தனை தப்பாகிறது?" பெரும்பாலும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். ஒரே 50 ஆவணங்களை இரண்டு ஊழியர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, எத்தனையில் ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்கச் சொல்லலாம். அனுபவமுள்ள இருவரே 44-இல்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், மாடலிடம் 50 எதிர்பார்ப்பதற்கு முன் அந்த 6-இல் எது சரி என்று அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்தது, எந்தத் தப்பு வலிக்கும் என்பது. 100 பரிவர்த்தனையில் 2 மோசடி என்றால், எல்லாவற்றையும் "சரி" என்று விட்டுவிடும் ஒரு நிரலும் 98 சதவீதம் சரிதான், உபயோகம் சுத்தமாக இல்லை. எனவே சதவீதத்தை விட்டுவிட்டு, "நல்லதைத் தடுத்துவிட்டால் என்ன நஷ்டம், கெட்டதை விட்டுவிட்டால் என்ன நஷ்டம்?" என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். எங்கே மனிதர் பார்த்தே தீர வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும்.

தொடர் வேலை கேட்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. மெயிலைப் படித்து, விவரத்தை எடுத்து, சரிபார்த்து, பதிந்து, பதில் அனுப்ப வேண்டும் என்று ஐந்து படிகள் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரியாக நடந்து, ஒன்றின் தப்பு மற்றதைச் சாராமல் இருந்தால், முழுவதும் தப்பில்லாமல் முடிவது 77 சதவீதம் மட்டுமே. இதைக் கேட்டதும் "அப்போ அஞ்சையும் ஒரே நேரத்துல வேண்டாம், ரெண்டாவதை மட்டும் பார்ப்போம்" என்று அவர்களே சொல்வார்கள்.

சிலர் "இன்னொரு கம்பெனி 50 ஆவணத்துல ஒரு தப்பும் இல்லாம காட்டினாங்களே" என்பார்கள். புள்ளியியலில் இதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது: n சோதனையில் ஒரு தப்பும் வராவிட்டால், உண்மையான தப்பு விகிதம் 95 சதவீத நம்பகத்தோடு ஏறத்தாழ 3/n வரை இருக்கலாம். 50-க்கு அது 6 சதவீதம். நாளுக்கு 200 ஆர்டர் வரும் இடத்தில் 12 தப்பு வரை வர வாய்ப்பு திறந்தே இருக்கிறது. 1 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல வேண்டுமானால் தப்பே இல்லாத 300 தேவை. போட்டியாளரைக் குறை சொல்லாமல் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொதுமக்களிடம் நேரடியாகப் பேசும் சாட்பாட் என்றால் பொறுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஏர் கனடாவின் சாட்பாட், துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் கொடுத்தது. அந்தச் சாட்பாட்டின் செயலுக்கு அதுவே பொறுப்பு என்ற பாணியில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, இழப்பீடு கொடுக்க வைத்தது. தொகை சிறியதுதான். ஆனால் "சாட்பாட் சொன்னது நாங்க சொன்னதாகாது" என்று நினைத்துக்கொண்டு வருகிற கிளையன்டுக்கு இந்த ஒரு வழக்கு போதும்.

அறிகுறி: 5-ஆவது நிமிடத்திலேயே "எவ்வளவு ஆகும்?"

தட்டிக்கழிக்காதீர்கள். "பார்த்துச் சொல்கிறேன்" என்று மூன்று தடவை சொன்னால் எதையோ மறைப்பதுபோல் ஆகிவிடும். முதலில் நடக்கப்போகும் சிறிய வேலைக்கு, அதாவது மாதிரிகளை வைத்து இது சாத்தியமா என்று பார்ப்பதற்கு, உங்களிடம் ஒரு நிலையான கட்டணம் இருக்க வேண்டும். அதைச் சொல்லிவிடுங்கள். முழுத் திட்டத்துக்கு எண் கொடுக்க வேண்டாம். எவையெல்லாம் எண்ணை ஏற்றும் என்று சொல்லலாம்: எத்தனை மென்பொருள்களோடு இணைக்க வேண்டும், ஆவணத் தரம், யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிகள், தப்பைப் பிடிக்கும் ஆள்.

மாடலின் மாதச் செலவைத் தனியாகக் கேட்பார்கள். டோக்கன் கணக்கில்தான் விலை, அதாவது மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் சிறு துண்டுகளின் கணக்கில். உள்ளே போவதற்கு ஒன்று, வெளியே வருவதற்கு ஒன்று, வெளியே வருவதே பொதுவாக விலை கூடியது. ஆவணம் எந்த மொழி என்பது இங்கேதான் வேலை செய்கிறது. 2024 மே மாதத்தில் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வெளியானபோது, ஒரு தமிழ் மாதிரி வாக்கியம் எழுத்தை உடைக்கும் பழைய முறையில் 116 டோக்கன் எடுத்தது புதிய முறையில் 35 ஆனது என்று அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் காட்டியது. அதே வாக்கியம், மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். எனவே ஆங்கில ஆவணத்தில் போட்ட கணக்கை அப்படியே வேறு மொழிக்கு எடுத்துப் போகாதீர்கள். அவர்களுடைய ஆவணத்தையே எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். ஆனாலும் நிறைய திட்டங்களில் மாடல் செலவைவிட இணைக்கும் வேலையும் பராமரிப்பும்தான் பெரியது.

அறிகுறி: கேட்கக் கேட்க, இதற்கு ஏஐ தேவையே இல்லை என்று தெரிகிறது

சொல்லிவிடுங்கள். விதி தெளிவாக இருந்து உள்ளே வருவதும் ஒழுங்கான படிவமாக இருந்தால், ஒரு எக்செல் சூத்திரமோ சிறு ஸ்கிரிப்டோ எப்போதும் ஒரே விடை தரும், செலவும் அநேகமாக இல்லை. மெயிலில் வருவதை நிறுத்தி ஒரு படிவம் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்கிற இடங்கள் இருக்கின்றன. இந்தச் சந்திப்பில் வருமானம் போகும். போகட்டும். சுமாரான காரணத்துக்காக எடுத்த திட்டம் ஆறு மாதம் கழித்து உங்கள் பெயரைத்தான் கெடுக்கும்.

அறிகுறி: எட்டு பேர் வந்திருக்கிறார்கள், பேசுவது ஒருவர் மட்டும்

பேசுகிறவர் முடிவெடுப்பவராக இருப்பார். வேலையைச் செய்கிறவர் பின்வரிசையில் இருப்பார், அல்லது அழைக்கப்பட்டிருக்கவே மாட்டார். அவருடைய வாய்மொழி இல்லாமல் தொடக்கத்தில் சொன்ன சோதனையின் நான்கு வரியும் நிரம்பாது. "இதைத் தினமும் செய்பவர் இங்கே இருக்கிறாரா? விதிவிலக்கான கேஸ் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அவரையே பார்த்துக் கேளுங்கள். மேலாளர் குறுக்கே வந்து பதில் சொன்னால், "சரி சார், அவங்க எப்படிச் செய்யறாங்கன்னு ஒரு தடவை கேட்டுக்கறேன்" என்று மரியாதையாகத் திரும்ப அங்கேயே போங்கள். விதிப்புத்தகத்தில் இல்லாத விஷயம் அவரிடம்தான் இருக்கும்: "இந்த ஒரு சப்ளையர் மட்டும் தேதியை மாத்திப் போடுவார், அதனால நாங்க கையாலே திருத்திடுவோம்."

அவர் தயங்கித் தயங்கிப் பேசினால் அறிவுக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் வேலை போய்விடுமோ என்ற யோசனையாக இருக்கலாம். "யார் வேலையும் போகாது" என்று வாக்குக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. மேலாளரிடம் கேட்டுவிடலாம்: "மிச்சமாகிற நேரத்தில் இவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா?" பதில் எல்லோர் முன்னாலும் வரட்டும். பதில் இல்லை என்றால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். ஊழியர் ஒத்துழைக்காத பைலட், அதாவது சிறு அளவிலான சோதனை முயற்சி, ஒருநாளும் தேறாது.

ஐடி ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒரு கேள்வி ஒதுக்குங்கள்: "எதைத் தொடவே கூடாது?" அவரிடமிருந்து சீக்கிரம் வாங்க வேண்டியது அதுதான்.

அறிகுறி: "ஏற்கெனவே ஒருத்தர் செஞ்சு கொடுத்தார், வேலைக்கு ஆகல"

உண்மையில் இது நல்ல சந்திப்பு, பார்க்க அப்படித் தெரியாது. முன்பு செய்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த நாளிலிருந்து ஆட்கள் அதைத் திறப்பதை நிறுத்தினார்கள், கடைசியாக அது சொன்ன தப்பு என்ன, அந்தத் தப்பை யாரிடம் சொன்னார்கள். மூன்றாவதுக்கு "யார்கிட்டயும் சொல்லல" என்பது அடிக்கடி வரும். மாடல் தேர்வில் பிழை இருந்திருக்கலாம், ஆனால் தப்பைத் திருத்தும் பாதை இல்லாததே அதைச் சாகடித்திருக்கிறது. அதை உங்கள் திட்டத்தில் முதலில் போடுங்கள்.

அறிகுறி: வேலையைக் கேட்டதும் உங்களுக்கே வயிறு கலக்குகிறது

விண்ணப்பங்களை வடிகட்ட வேண்டும், கடனுக்குத் தகுதி பார்க்க வேண்டும், நோயாளிக்கு எது அவசரம் என்று பிரிக்க வேண்டும். இங்கே உற்சாகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்க அமேசான் உருவாக்கிய கருவி, பழைய விண்ணப்பங்களிலிருந்து கற்று, பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தியது என்றும், அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்றும் 2018-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், ஆள் எடுப்பதையும் தனிநபரின் கடன் தகுதியை மதிப்பிடுவதையும் அதிக ஆபத்துள்ள பயன்பாடுகளில் வைத்திருக்கிறது. கிளையன்ட் எந்த நாட்டில் இயங்குகிறார், யாருக்குச் சேவை தருகிறார் என்று கேட்டுக்கொண்டு, அவருடைய சட்ட ஆலோசகரையும் அடுத்த சந்திப்புக்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்தச் சந்திப்புக்கு முன் எந்தச் சாத்தியத்தையும் வாயால் உறுதி செய்ய வேண்டாம்.

அறிகுறி: நேரம் தாண்டிப் போகிறது, இலவசமாக முழுத் திட்டமும் கேட்கிறார்கள்

25-ஆவது நிமிடத்தில் நீங்களே நிறுத்த வேண்டும். "இதுவரை எனக்குப் புரிந்தது இது" என்று நான்கு வரியை வாயால் சொல்லுங்கள். அவர்கள் ஒரு எண்ணையாவது திருத்துவார்கள், அதற்காகத்தான் சொல்வது. பிறகு அடுத்த அடி ஒன்றே ஒன்று: யார், எந்தத் தேதிக்குள், எந்த மாதிரிகளை அனுப்புவார். "எந்த மாடல், எந்த டேட்டாபேஸ், எத்தனை வாரம்?" என்று இழுத்தால், "அந்தப் பத்தைப் பார்க்காமல் சொன்னால் அது யூகம்" என்று சொல்லலாம். உண்மையும் அதுதான்.

பதிவு செய்யும் கருவி வைத்திருந்தால் தொடக்கத்திலேயே அனுமதி கேட்டிருக்க வேண்டும். தானாக எழுதும் குறிப்புகளில் பெயர்களும் எண்களும்தான் முதலில் பிசகும். 15-ம் 50-ம் இடம் மாறி, அந்த எண்ணில் ஒரு கொட்டேஷனே போய்விடலாம். முக்கியமான எண்களைக் கையால் குறித்துவையுங்கள்.

அறிகுறி: நன்றாகப் பேசினார்கள், அப்புறம் பதிலே இல்லை

நீங்கள் அனுப்பிய மெயிலைத் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவன அறிமுகம், ஆறு சேவைகள், "மேலும் விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று இருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு எதுவும் இல்லை. அன்றைக்கே அரைப் பக்கம் அனுப்புங்கள்: நான்கு வரி, ஒத்துக்கொண்ட அடுத்த அடி, தேதி, அவர்களால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற ஒரு கேள்வி. "தேதி மாறிப்போன ஆர்டர்கள் மாதத்துக்கு எத்தனை வரும்?" போன்ற சின்னக் கேள்வி. அதற்கு மேலாளர் தானே பதில் சொல்ல முடியாமல் அந்த வேலையைச் செய்பவருக்கு அனுப்புவார், பேச்சு அங்கிருந்து தொடரும்.

குறித்த தேதிக்குள் மாதிரி வரவில்லை என்றால் ஒரு தடவை நினைவூட்டுங்கள், கேட்ட பத்தை மூன்றாகக் குறைத்து. மூன்றும் வரவில்லை என்றால், டேட்டாவை வெளியே கொடுக்க உள்ளே யாரோ சம்மதிக்கவில்லை, அல்லது அந்த வேலை இந்தக் காலாண்டில் யாருக்கும் அவசரமில்லை. எதுவென்று நேரடியாகக் கேட்டு ஒரு வரி எழுதலாம். முதலாவது என்றால் அவர்களுடைய இடத்திலேயே வந்து, அவர்களுடைய கணினியில் பார்ப்பதாகச் சொல்லுங்கள். இரண்டாவது என்றால் கோப்பை மூடிவிடலாம், கொட்டேஷன் அனுப்ப வேண்டியதில்லை.